நத்தை தின்கிற மீனை விட்டுவை

1

ஊரிலிருந்து போன் பேசுகிற நீங்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். அங்கே சிங்கம் வருமா, யானை வருமா? நாங்கள் மலாவிக்கு வந்து ஆறு வருஷம் முடிந்துவிட்டது. இதுவரை ஒரு சிங்கத்தைப் பார்த்ததில்லை. தீப்பெட்டிக் கம்பெனி இருக்கிற ஊரில் சிங்கத்துக்கு என்ன வேலை? இங்கே பயப்பட வேண்டியது நத்தைக்கு. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பாண்டி, கம்பெனியில் மிஷின் மெக்கானிக். எங்கள் லைன் வீடுகள் ஏரிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஏரி என்றதும் நம்ம ஊர்க் கண்மாயை நினைக்காதீர்கள். இதற்கு அக்கரை தெரியாது, அலை அடிக்கும். உப்பு இல்லாத கடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆமத்தூர்ப் பக்கம் பிறந்து, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு சண்டை போட்டு வளர்ந்தவள் நான். வந்த புதிதில் இவ்வளவு தண்ணீரைப் பார்த்து வாயைப் பிளந்தேன். பிள்ளை நீச்சல் பழகுகிறானே என்று பெருமைப்பட்டேன். அந்தப் பெருமை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் மகன் கதிருக்குப் பதினொரு வயது. கக்கூஸிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தான்.

"அம்மா, எனக்கும் வந்திருச்சு."

"என்னதுலே?"

"ஒண்ணுக்குப் போகையில கடைசில செவப்பா வருது."

அவனைப் பிடித்து இழுத்துத் திருப்பிப் பார்த்தேன். "எங்கன அடிபட்ட? எவன் அடிச்சான்?"

"யாரும் அடிக்கலம்மா. சிஃபுண்டோவுக்கெல்லாம் போன வருசமே வந்திருச்சு. எனக்குத்தான் வரல. வந்தா பெரிய ஆளாயிட்டோம்னு அர்த்தம். பொண்ணுங்களுக்கு வருதுல்ல, அது மாதிரி."

சிஃபுண்டோ அவனுடைய கூட்டாளி. கம்பெனியில் பெட்டி கட்டுகிற ஆக்னஸின் மகன். பாண்டி டீயைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப தாய்மாமனுக்குத் தாக்கல் சொல்லணுமே புள்ள. குச்சு கட்ட ஓலைக்கு எங்கிட்டுப் போறது?" என்றார்.

"சிரிச்சீகன்னா பல்லை உடைச்சிருவேன் மச்சான். போய்ப் பாருங்க முதல்ல."

போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் சிரிக்கவில்லை.

பிள்ளைக்கு நோய் வந்தது ஒரு கோபம். அதைப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவன் மாதிரி கொண்டுவந்து காட்டினானே, அது அதைவிடப் பெரிய கோபம். இப்போதெல்லாம் அவன் கூட்டாளிகளோடு பேசுகிற பாஷையில் எனக்குப் பாதி புரியாது. என்னோடு பேசுகிற தமிழில் வார்த்தைகள் குறைந்துகொண்டே வருகின்றன. எது உடம்பு, எது நோய் என்பதைக்கூட ஏரிக்கரைப் பையன்கள்தான் அவனுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அப்படியானால் ஆத்தா என்று நான் எதற்கு இருக்கிறேன்?

2

மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதல் வரிசையில் நின்றால் இரண்டாவது வரிசைக்கு அனுப்புவார்கள். இரண்டாவது வரிசையில் இருக்கிறவள் உங்கள் வேலை பெர்மிட் எங்கே என்பாள். நோய்க்கு எதற்கு பெர்மிட் என்று நான் தமிழிலேயே கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு வேறு பாஷை வராது. கதிர் என் கையைப் பிடித்து இழுத்து, அந்த அம்மாவிடம் அவள் பாஷையில் ஏதோ பணிவாகப் பேசினான். உடனே விட்டுவிட்டாள்.

"என்னலே சொன்ன?"

"எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னேன்."

பரிசோதனை அறையில் இருந்தவர் இளவயசுக்காரர். பெயர் கோண்ட்வே. பூதக்கண்ணாடி மிஷினில் என்னையும் பார்க்கச் சொன்னார். நெல்மணி மாதிரி ஒன்று, ஒரு முனையில் முள். அது புழுவின் முட்டையாம். புழு பிள்ளையின் ரத்தக் குழாயில் குடியிருக்கிறது. முட்டை மூத்திரப்பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது, அதனால்தான் ரத்தம். விட்டுவைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும், பையும் சிறுநீரகமும் கெட்டுப்போகும் என்றார். இங்கே இதற்கு லிகோட்சோ என்று பெயர். எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறது என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மாத்திரை கொடுக்கும் விதம் வேடிக்கை. சுவரோரம் ஒரு கம்பு நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளையை அதன் பக்கத்தில் நிறுத்தி, உயரத்துக்கு எந்தக் கோடு வருகிறதோ அதைப் பார்த்து மாத்திரையை எண்ணுகிறார்கள். பாகற்காயைவிடக் கசப்பு. கதிர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான்.

"சரியாயிடுமா?" என்று கேட்டேன்.

"இப்போது இருக்கிற புழு செத்துவிடும். ஆனால் அடுத்த வாரமே ஏரியில் இறங்கினால் புதுப் புழு ஏறும்" என்றார் கோண்ட்வே. "நோய் உள்ளவன் தண்ணீரில் சிறுநீர் விடுகிறான். முட்டை பொரித்து நத்தைக்குள் போகிறது. நத்தைக்குள் பல மடங்காகப் பெருகி மறுபடி தண்ணீருக்கு வருகிறது. குளிக்கிறவன் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. நத்தை இல்லாவிட்டால் நோய் இல்லை."

"நத்தை எதுக்கு இம்புட்டு இருக்கு?"

கதிர் அதை மாற்றிச் சொன்னான். கோண்ட்வே தோளைக் குலுக்கினார். "முன்பு கரையோரம் நத்தையைத் தின்கிற மீன்கள் நிறைய இருந்தன. இப்போது குஞ்சைக்கூட விடாமல் வலைபோட்டு அரித்துவிடுகிறார்கள்."

அதைக் கேட்டதும் நான் பக்கத்தில் நின்ற பாண்டியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். ஏன் என்று சொல்கிறேன்.

3

எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் வற்றினால் ஒருநாள் மீன்பிடி நடக்கும். ஊர்ப் பெரியாள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் இறங்கலாம். ஊத்தா என்று ஒரு கூடை உண்டு. மேலும் கீழும் திறந்திருக்கும். சேற்றில் குத்தி, உள்ளே மாட்டிய மீனைக் கையால் துழாவி எடுப்பார்கள். அதில் பெரிய மீன்தான் அகப்படும். மடைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். அதில் மட்டும் யாரும் ஊத்தா குத்தக் கூடாது. அது சாமிக்கு என்பார்கள். சாமி மீன் தின்னாது. அடுத்த மழைக்கு விதை வேண்டும் என்று எவனோ புத்தியுள்ளவன் போட்டு வைத்த சட்டம். குஞ்சு மீன், இறால், ஆமை எல்லாம் அதற்குள் போய் ஒண்டிக்கொள்ளும்.

ஒரு வருஷம் வெடிக் கம்பெனி வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த மூன்று பயல்களுக்கு ஊத்தா குத்தச் சோம்பலாகிவிட்டது. கையில் வெடி இருக்கிறவனுக்குக் கண்ணில் படுவதெல்லாம் வெடிக்கிற இடம்தான். நேரே மடைப் பள்ளத்துக்கே போனார்கள். வெடியைக் கட்டித் தூக்கி எறிந்தார்கள். தண்ணீர் பனைமர உயரத்துக்கு எழும்பியது. ஊரே கைதட்டியது. அப்புறம் பார்த்தால் குஞ்சு, இறால், தவளை, ஆமை எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தன. பெரிசை எடுத்துக்கொண்டு சிறிசை அழுகவிட்டார்கள். இந்த முட்டாள்தனம் நம் பக்கத்துக்காரனைத் தவிர வேறு யாருக்கும் வராது. அந்த மூன்று பயல்களில் ஒருத்தர் என் மாமன் மகன். அவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

செத்துப்போகாதது நத்தை மட்டும். ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு சேற்றில் புதைந்து கிடந்தது. அடுத்த மழைக்குத் தண்ணீர் வந்தபோது அதைத் தின்ன ஒரு ஜீவன் இல்லை. கரையோரப் புல்லில் கைவைத்தால் நத்தை ஒட்டிக்கொண்டு வரும். என் அண்ணன் முனியாண்டி செம்மறி மேய்த்துக்கொண்டிருந்தான். தை பிறந்ததும் ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்க ஆரம்பித்தது. மேயாமல் நின்ற இடத்திலேயே நின்று செத்தன.

"ஆத்தா கோவமா இருக்கா. இருக்கன்குடி கோயிலுக்கு நேந்துக்கோ" என்றது ஊர்.

அண்ணன் நேர்ந்துகொண்டான். அதோடு மாட்டு டாக்டரையும் கூட்டிவந்தான். அவர் ஒரு ஆட்டை அறுத்து ஈரலைக் காட்டினார். இலை மாதிரி தட்டையாகப் புழு. நத்தையிலிருந்து புல்லுக்கு வந்து ஆட்டுக்குள் போகிறது என்றார். வெடி போட்டதால்தான் நத்தை பெருகியதா என்று கேட்டதற்கு, "மழையும் ஜாஸ்தி. ஆனா தின்ன வேண்டியதையெல்லாம் நீங்க கொன்னுட்டீகளே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், இரண்டுமே காரணமாக இருக்கலாம். ஆனால் அண்ணனின் பட்டி காலியானது. பிறகு அவனும் வெடி வேலைக்குத்தான் போனான்.

இங்கே ஆடு இல்லை. என் பிள்ளை இருந்தான்.

4

கோண்ட்வே சொன்னதை நான் அப்படியே நம்பவில்லை. அடுத்த நாள் சந்தையில், தூரத்துப் பாறைப் பக்கம் பிடித்த மீன் என்று சொன்னதில், அவர் அடையாளம் சொன்ன மாதிரி தாடை பருத்த ஒன்றாகப் பார்த்து வாங்கினேன். வீட்டில் அறுத்தேன். குடலை அரிவாள்மனையில் வைத்து நசுக்கினால் நறநறவென்றது. விரலில் எடுத்துப் பார்த்தேன், நத்தை ஓட்டுத் தூள். அம்மியில் அரைத்த மாதிரி அரைத்து வைத்திருந்தது. தொண்டைக்குள்ளேயே அதற்கு அரைக்கிற பல் இருக்கிறது.

நம் கரையில் ஏன் இந்த மீன் இல்லை என்பதற்கு ஜன்னலைத் திறந்தாலே பதில் கிடைத்துவிடும். மலேரியாவுக்கென்று கொடுத்த கொசுவலைகளை ஒன்றோடொன்று தைத்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பெண்கள் கரையை அரித்துக்கொண்டிருப்பார்கள். கொசு நுழையாத வலைக்கண்ணில் எந்தக் குஞ்சு தப்பும்? வலையின் ஒரு முனையைப் பிடித்திருந்தது ஆக்னஸ். சிஃபுண்டோவின் அம்மா.

நான் அந்தக் குடலை இலையில் வைத்து எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிச்சேவா பாஷையிலும் ஒடிந்த இங்கிலீஷிலும், "இந்த மீன் நத்தையைத் தின்னும். நத்தை நம்ம பிள்ளைகளைத் தின்னும். நீ மீனோட குஞ்சைத் தின்கிறாய்" என்றேன்.

ஆக்னஸ் அழவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைவிடச் சத்தமாகப் பேசினாள். "உன் புருஷனுக்கு மாசம் பிறந்தால் சம்பளம். எனக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. ஆர்டர் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. கொசு கடித்தால் சொறிந்துகொள்வேன். பசி கடித்தால் எதைச் சொறிவது?"

நம் ஊரில் வெடி சீசன் முடிந்த மாதங்களில் இதே பேச்சைக் கேட்டு வளர்ந்தவள்தான் நான். இலையை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் கோபம் குறையவில்லை, ஆனால் அவள் மேல் இருந்த கோபம் குறைந்துவிட்டது.

அன்றிலிருந்து கதிருக்கு ஏரி கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவைப் பூட்டிவிடுவேன். அவன் ஜன்னலில் உட்கார்ந்து கூட்டாளிகள் குதிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். சாப்பாடு வேண்டுமா என்றால் தலையை ஆட்டுவான்.

"எம்புட்டு நாளைக்குப் பூட்டுவ?" என்றார் பாண்டி. "இன்னும் ரெண்டு வருசத்துல அவனே பூட்டை உடைப்பான். அப்புறம் ஏரிக்கும் போவான், உன்னைய விட்டும் போவான்."

அவர் சொல்வதில் பாதி எனக்குப் பிடிக்காது. அன்றைக்குச் சொன்னது சரி. பிள்ளையைப் பூட்டி வைப்பதை விட்டுவிட்டுத் தண்ணீரைத்தான் சரிசெய்ய வேண்டும்.

5

இங்கே ஊர்த் தலைவரை முஃபூமு என்பார்கள். அவரிடம் போய் முறையிட்டேன், மாமரத்தடியில் கூட்டம் போட்டார். பெண்களும் வந்து உட்கார்ந்து தாராளமாகப் பேசுகிறார்கள், அதுமட்டும் நம் ஊரைவிட மேல். எனக்கு மொழிபெயர்க்கக் கதிர் எழுந்து நின்றான். என் மேல் கோபம் இருந்தாலும், கூட்டத்தில் நிற்கக் கிடைத்த பெருமை அதைவிடப் பெரிதாக இருந்தது.

நான் ஒரு மூச்சு பேசினேன். கண்ணிருந்தும் குருடாக இருக்கிறீர்கள், பிள்ளைகள் ரத்தமாகப் போவதைப் பார்த்துக்கொண்டு மீன்குஞ்சை வறுத்துத் தின்கிறீர்கள், வெட்கம் இல்லையா என்று நிறையச் சொன்னேன். கதிர் இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள்.

"நான் திட்டுனத ஏன்லே சொல்லல?"

"சொன்னா உன்னைய ஏரியில தூக்கிப் போட்டுருவாங்கம்மா. அப்புறம் உனக்கும் நோய் வரும்."

பிறகு எங்கள் கண்மாய்க் கதையைச் சொன்னேன். அதை அவன் ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். அவனுக்கே அது புதுக் கதை. வெடி போட்ட பயல்களில் ஒருத்தன் இதோ நிற்கிறான் பாருங்கள் என்று நான் பாண்டியைக் காட்டினேன். கூட்டம் கெக்கலி கொட்டிச் சிரித்தது. முஃபூமு கைத்தடியை ஊன்றி எழுந்து பாண்டியை மேலும் கீழும் பார்த்தார். "மலாவிக்கு வரும்போது வெடி கொண்டுவந்தானா?" என்று கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கொண்டாந்தேன். அதைத்தான் கட்டிக்கிட்டு அழுறேன்" என்று என்னைக் காட்டினார் பாண்டி. அதையும் கதிர் சொல்லித் தொலைத்தான்.

நான் கேட்டது ஒன்றுதான். பிள்ளைகள் குளிக்கிற இடத்தை ஒட்டி இரண்டு பாறைக்கு நடுவே ஒரு குடா இருக்கிறது. அதில் மட்டும் வலை இறங்கக் கூடாது. பெரிய மீனைத் தூண்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள், குஞ்சைத் தொடாதீர்கள். அங்கே பெருகினால் மீதிக் கரைக்கும் மீன் வரும்.

ஆக்னஸ் எழுந்தாள். "சரி. நாங்கள் வலையை எடுக்கிறோம். நீ என்ன செய்வாய்? நோய் நத்தையிலிருந்து மட்டும் வரவில்லை. பிள்ளைகள் ஏன் தண்ணீரில் ஒண்ணுக்கு இருக்கிறார்கள்? உங்கள் கம்பெனி கரையில் கட்டியிருக்கிற கக்கூஸ்கள் ஸ்டாஃப் குடும்பத்துக்கு மட்டும் என்று பூட்டிக் கிடக்கின்றன. உன் பிள்ளைக்குச் சாவி இருக்கிறது. என் பிள்ளைக்கு ஏரிதான் கக்கூஸ். நான் வலையை மடித்தால் நீ பூட்டைத் திறப்பாயா?"

கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. அந்தச் சாவி அப்போது என் முந்தானை முடிச்சில்தான் இருந்தது. ஆறு வருஷமாக அதை வைத்திருந்தேன், ஒருநாளும் யோசித்ததில்லை.

"திறக்கிறேன்" என்றேன். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

6

மானேஜர் நம் நாட்டுக்காரர்தான். விஷயத்தைச் சொன்னதும் ஹெட் ஆபீஸ் அனுமதி வேண்டும், தண்ணீர்ச் செலவு, சுத்தம், நாளைக்கு யார் பொறுப்பு என்று விரலை மடக்கினார். எழுதிக் கொடுங்கள், அனுப்புகிறேன் என்றார். எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். புதுசாக ஒரு ஃபாரத்தில் எழுதச் சொன்னார்.

மூன்றாவது தடவை நான் எழுதவில்லை. "சார், உங்க பேரப்பிள்ளைக லீவுக்கு வந்தா இந்த ஏரியிலதான குளிக்கும்? அது யார் சிறுநீர்ல முங்கி எந்திரிக்கும்னு ஒரு நிமிசம் நினைச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். பாண்டி அன்று சாயங்காலமே இரும்பு அறுக்கிற ரம்பத்தைக் கொண்டுபோய்ப் பூட்டுகளை அறுத்துப் போட்டார். யார் செய்தது என்று மறுநாள் மானேஜர் விசாரிக்கவில்லை. கதவுகளுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பினார். பெண்கள் முறைவைத்துக் கழுவுகிறார்கள். என் முறை புதன்கிழமை.

குடாவில் வலை இறங்குவதில்லை. நடுவில் ஒருத்தி திருட்டுத்தனமாக இறக்கினாள். ஆக்னஸே போய் அந்த வலையைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். இப்போது கல்லுக்கு நடுவே தாடை பருத்த குட்டிமீன்கள் தலைகீழாக நின்று மணலைக் கிளறுவது கரையிலிருந்தே தெரிகிறது. நத்தை ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். குறைந்திருக்கிறது. கல்லைப் புரட்டினால் முன்பு கொத்தாக இருந்தது, இப்போது தேட வேண்டியிருக்கிறது. மாத்திரை, கக்கூஸ், மீன், மூன்றும் சேர்ந்தால்தான் நடக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு நடக்கும் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்.

போன வாரம் கதிருக்கு மறு பரிசோதனை. உச்சிவெயிலில் எடுத்த சிறுநீர்தான் வேண்டும், அதற்கு முன்னால் நன்றாகக் குதிக்க வேண்டும், அப்போதுதான் முட்டை இருந்தால் வெளியே வரும் என்றார் கோண்ட்வே. ஆஸ்பத்திரி முற்றத்தில் கதிர் வேர்க்க வேர்க்கக் குதித்துவிட்டு பாட்டிலைக் கொடுத்தான். கோண்ட்வே வெகுநேரம் கண்ணாடியில் பார்த்தார். நான் என் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றேன்.

"ஒன்றுகூட இல்லை" என்றார்.

வெளியே வந்ததும் கதிர் கேட்டான். இத்தனை மாதத்தில் அவனாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி. "அம்மா, அப்ப குடாவுல குளிக்கலாமா?"

"உனக்கு மட்டும் இல்லைன்னா போதுமாலே? கூடக் குளிக்கிறவனுக்கு இருந்தா நாளைக்கு உனக்கும் வரும். சிஃபுண்டோவுக்கும் மத்த பயலுகளுக்கும் பார்த்து மருந்து கொடுத்து முடியட்டும். அன்னைக்கு நானே சேலையோட உன்கூட எறங்குறேன்."

அவன் விறுவிறுவென்று முன்னால் நடந்தான். மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வரவில்லை. ஏரிக்குத்தான் போய்விட்டான் என்று செருப்பைக்கூட மாட்டாமல் கரைக்கு ஓடினேன். கரையில் ஒரு பிள்ளை இல்லை. ஆக்னஸ் சிரித்துக்கொண்டே ஆஸ்பத்திரிப் பக்கம் கையைக் காட்டினாள்.

போய்ப் பார்த்தேன். உச்சிவெயிலில், ஆஸ்பத்திரி முற்றத்தில், என் மகன் முன்னால் நின்று தாளம் போட, சிஃபுண்டோவும் அந்தக் கரையின் பாதிப் பிள்ளைகளும் கையில் ஆளுக்கொரு காலி பாட்டிலோடு தாவித் தாவிக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.